கந்தையில் தைத்த பெயர்: கொல்கத்தா மகளிர் தையற்குழுக்களும் காந்தாக் கலையும்

முன்னுரை

நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றை இணைக்கும் தையலையே சித்திரமாக மாற்றும் கலை வங்காளத்தில் ‘காந்தா’ எனப்படுகிறது. வங்க மகளிரின் இல்லங்களில் தோன்றி வளர்ந்த இக்கலை, இருபதாம் நூற்றாண்டில் கொல்கத்தா நகரத்துச் சங்கங்கள், அருங்காட்சியகங்கள், தொண்டு அமைப்புகள் ஆகியவற்றின் வழியே புதிய வாழ்வு பெற்றது. இன்று இந்நகரத்துக் கடைகளில் காந்தாத் தையல் இட்ட பட்டுச் சேலைகளும் மேலாடைகளும் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன.

காந்தா பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதன் வடிவங்களையும் சமயக் குறியீடுகளையும் நோக்கியுள்ளன. இக்கலையோடு தொடர்புடைய மொழிச் சான்றுகள் அவ்வளவாகக் கருத்தில் கொள்ளப்படவில்லை. அச்சான்றுகள் இருவகையின. ஒன்று, தையற் பெண்கள் வழங்கும் கலைச்சொற்கள். மற்றொன்று, காந்தாக்களின் மீது நூலால் தைக்கப்பட்ட எழுத்துகள். இவ்விரு சான்றுகளின் துணைகொண்டு, கொல்கத்தாவை நடுவாகக் கொண்ட மகளிர் தையற்குழுக்களின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குழுக்கள் தையலைக் காத்தன. தைப்போர்க்கு வருவாயும் தந்தன. ஆயின் பழங்காந்தாக்கள் சிலவற்றில் இடம்பெற்றிருந்த ஒன்று, அதாவது தைத்தவளின் பெயர், இம்மாற்றத்தில் துணியை விட்டு நீங்கியது. இவ்வரவும் இழப்பும் ஒருங்கே நோக்கத்தக்கவை.

சொல் வரலாறு

‘காந்தா’ என்று தமிழில் எழுதப்படும் சொல், வங்க மொழியில் மூக்கொலி பெற்ற ஆகாரத்தோடு ஒலிக்கப்படுவது. ஒட்டுப்போட்ட பழந்துணி என்னும் பொருளுடைய ‘கந்தா’ என்னும் வடசொல்லே இதன் மூலம். குற்றுயிரை அடுத்து மெல்லினமும் வல்லினமும் இணைந்து வரும் பழைய சொற்கள், வங்க மொழியில் மெல்லினத்தை இழந்து, உயிரை நீட்டி, அவ்வுயிரை மூக்கொலியாக்கிக் கொள்கின்றன. பல்லைக் குறிக்கும் ‘தந்த’ என்பது மூக்கொலி ஆகாரம் பெற்றுத் ‘தாத்’ என்றும், ஐந்தைக் குறிக்கும் ‘பஞ்ச’ என்பது அவ்வாறே ‘பாச்’ என்றும் ஆனமை காண்க. இவ்விதியின்படியே கந்தா என்பதும் திரிந்தது.

தமிழில் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல் இதனோடு உறவுடையது. மாலா, சாலா, சபா என்பன மாலை, சாலை, சபை எனத் தமிழில் ஐகார ஈறு பெறுவதைப் போலவே, கந்தா என்பதும் கந்தை என வழங்கும். ஒரே சொல் இரு நிலங்களில் வேறுவேறு மதிப்புப் பெற்றுள்ளமை ஈண்டு எண்ணத்தக்கது. தமிழில் கந்தை வறுமையின் அடையாளம். கந்தையானாலும் கசக்கிக் கட்ட வேண்டும் என்னும் பழமொழியிலும் அவ்வறுமையை மறைக்காத தூய்மையே வற்புறுத்தப்படுகிறது. பொருநராற்றுப்படையில், வேர்வையில் நனைந்து வேற்றிழை கோத்துத் தைக்கப்பட்ட கிழிந்த உடையை நீக்கிப் புத்தாடை நல்குவதே வள்ளன்மையாகக் கூறப்படுகிறது. வங்காளத்திலோ கிழிந்த துணியே கலையின் நிலைக்களமாயிற்று. எனினும் பழந்துணியை நன்மையோடு தொடர்புறுத்தும் வழக்கம் இரு நிலங்களுக்கும் பொது. தமிழகத்தில் பிறந்த குழந்தைக்குத் தாயின் அல்லது பாட்டியின் பழைய சேலையில் தூளி கட்டுவர். வங்காளத்தில் பழஞ்சேலையால் ஆன காந்தாவில் குழந்தையைக் கிடத்துவர்.

காந்தாவின் வகைப்பெயர்களை நோக்கின், அவை பல மொழி அடுக்குகளைச் சார்ந்தவை என்பது புலனாகும். குளிர்காலப் போர்வையாகிய ‘லேப்’ என்பதன் மூலம் அரபு மொழியின் லிஹாஃப். விருந்தினர்க்கும் விழாவுக்கும் விரிக்கப்படும் ‘சுஜ்னி’ என்பது ஊசி எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் அடியாகப் பிறந்தது. கைக்குட்டையைக் குறிக்கும் ‘ருமால்’ என்பதும் பாரசீகமே. நூல்களையும் அரும்பொருள்களையும் பொதியும் ‘பய்தன்’ என்பது சுற்றுதல் என்னும் பொருளுடைய வேஷ்டன என்னும் வடசொல்லின் திரிபு. கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்கும் சிறு காந்தா ‘ஆர்ஷிலதா’. ஆர்ஷி என்பது வங்க மொழியில் கண்ணாடி. அமர்வதற்குரியது ‘ஆசன்’. சித்திரத் தையல் செறிந்த காந்தாவுக்கு ‘நக்ஷி காந்தா’ என்று பெயர். இதன் முதற்சொல் சித்திரம், செதுக்கு வேலை எனப் பொருள்படும் ‘நக்ஷ்’ என்னும் அரபுச் சொல்லைச் சார்ந்தது. தமிழில் ‘நகாசு வேலை’ என வழங்கும் தொடரும் அச்சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே நக்ஷி காந்தா என்பதனை ‘நகாசுக் கந்தை’ எனத் தமிழ்ப்படுத்தினால், அது மொழிபெயர்ப்பாக மட்டுமன்றி இரு சொற்களின் உறவையும் காட்டுவதாக அமையும்.

இவ்வாறு பயன்பாட்டுப் பெயர்கள் பல மொழிகளிலிருந்து வந்திருப்பினும், தையற் செயலைக் குறிக்கும் அடிப்படைச் சொல் ‘ஃபோட்’ என்னும் வங்கப் பேச்சுவழக்குச் சொல்லேயாகும். ஊசி ஒருமுறை குத்தி வெளிவருவதை அது குறிக்கும். காந்தா ஃபோட் என்பது ஊசி மேலும் கீழுமாக ஓடும் எளிய ஓட்டுத்தையல். நம்மூர்த் தையற்காரர் இறுதித் தையலுக்கு முன் ‘நூலோட்டுதல்’ என்று செய்வதும் ஏறத்தாழ இதுவே. அங்கே பின்னர் உருவி எறியப்படும் நூல், இங்கே கலையாக நிலைபெறுகிறது.

இல்லத்துக் காந்தா

காந்தா செய்யும் முறை எளிமையானது. மென்மையான பழந்துணிகள் தரையில் சுருக்கமின்றி விரிக்கப்படும். ஓரங்கள் மடித்துத் தைக்கப்பட்டு, அடுக்குகள் விலகாதபடி நீண்ட தையல்களால் பிணைக்கப்படும். பின்னர்ச் சேலைக் கரைகளிலிருந்து உருவிய சிவப்பு, நீலம், கறுப்பு ஆகிய நூல்களால் உருவங்களின் வெளிக்கோடு தைக்கப்பட்டு, உட்புறம் நிரப்பப்படும். எஞ்சிய வெற்றிடத்தில், துணியின் நிறத்தை ஒத்த நூலால் நெருங்கிய தையல்கள் உருவங்களைச் சூழ்ந்து ஓடும். இத்தையல்களே காந்தாவுக்கு உரிய சிற்றலை போன்ற மேற்பரப்பைத் தருகின்றன.

நடுவில் பல இதழ்த் தாமரை, நான்கு மூலைகளில் மரம் அல்லது மாங்காய் வடிவம், இடையில் யானை, குதிரை, மீன், தேர், படகு, மாந்தர் என்பன பெருவழக்கான அமைப்பு. நோன்புக் காலங்களில் மகளிர் தரையில் இடும் ‘ஆல்பனா’ என்னும் மாக்கோலத்தோடு இவ்வமைப்புக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. அவனீந்திரநாத் தாகூர் 1919ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாங்லார் பிரத’ என்னும் நூல் இத்தகைய நோன்புகளையும் கோலங்களையும் விளக்கியது. கோலம் நாளடைவில் அழியும். காந்தா தலைமுறை கடந்து நிற்கும். இரண்டும் மகளிர் தம்முள் கற்றுக்கொடுத்து வந்த கலைகள்.

இக்கலை தொழில்முறைத் தையலினின்றும் வேறானது. சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் துன்னகாரர் என்போர் தொழிலாளருள் ஒருவராகக் குறிக்கப்படுவர். கொல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில் ‘ஓஸ்தாகர்’ எனப்படும் ஆடவர் இன்றும் தையலைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டுள்ளனர். காந்தாவோ எந்தச் சாதிக்கும் தொழிலாக அமைந்ததன்று. இந்து, முசுலிம் இல்லங்கள் இரண்டிலும், நண்பகல் உணவுக்குப் பின் கிடைத்த ஓய்வில், தாயும் மகளும் மருமகளும் அண்டை வீட்டாரும் கூடித் தைத்தது அது. பெரிய சுஜ்னி ஒன்றில் பலர் சுற்றி அமர்ந்து தைத்தலும் உண்டு. பிற்காலத்துச் சங்கங்களுக்கும் குழுக்களுக்கும் இவ்வீட்டு முற்றமே முன்வடிவம் எனலாம்.

நூலால் எழுதிய எழுத்து

பழங்காந்தாக்கள் பெரும்பாலானவற்றில் எழுத்து இல்லை. எழுத்து அமைந்த சிலவே மொழி வரலாற்றுக்கு அரிய சான்றுகளாகின்றன. அவற்றில் காணப்படும் எழுத்துகள் மூவகைப்படும். உருவங்களுக்கு அருகில் தைக்கப்பட்ட விளக்கப் பெயர்கள் முதல் வகை. தைத்தவளின் பெயர் இரண்டாம் வகை. யாருக்காகத் தைக்கப்பட்டது என்னும் உறவுக் குறிப்பு மூன்றாம் வகை.

குருசதய் அருங்காட்சியகத்தில் உள்ள பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுஜ்னி ஒன்று இவ்வகையில் புகழ்பெற்றது. தென்வங்கத்தைச் சேர்ந்த மானதாசுந்தரி தாசி என்பவர் தம் தந்தைக்காக அதனைத் தைத்தார். தம் பெயரையும், தந்தைக்குத் தாம் அளிக்கும் காணிக்கை அது என்பதையும் அதன் மீதே நூலால் எழுதியுள்ளார். ஆங்கிலேயர் ஆட்சிக்காலச் சிப்பாய்களின் உருவங்களும் அதில் இடம்பெற்றுள்ளன. கல்வெட்டில் கொடையாளியின் பெயரும் கொடை பெறுவோரின் பெயரும் பொறிக்கப்படும் மரபோடு இதனை ஒப்பிடலாம். வேறுபாடு ஒன்றுண்டு. கல்வெட்டில் கொடையளிப்பவர் ஒருவர், எழுத்தை வெட்டுபவர் மற்றொருவர். காந்தாவிலோ கொடுப்பவளும் எழுதுபவளும் ஒருத்தியே.

‘தாசி’ என்னும் பின்னொட்டும் விளக்கத்திற்குரியது. தமிழில் இச்சொல் பெற்ற பொருள் இங்கு இல்லை. அக்கால வங்கத்தில் பார்ப்பனப் பெண்கள் தம் பெயரோடு ‘தேபி’ என்பதையும், ஏனைய சாதிப் பெண்கள் ‘தாசி’ என்பதையும் சேர்த்து எழுதுவது பொதுவழக்கு. ஆகவே காந்தாவில் தைக்கப்பட்ட பெயர், தைத்தவளின் சமூக நிலையையும் தெரிவிக்கும் ஆவணமாகிறது.

இவ்வெழுத்துகளின் சிறப்பு அக்காலப் பெண்கல்வியின் நிலையோடு வைத்து எண்ணுங்கால் விளங்கும். கல்கத்தாவில் பெதூன் பள்ளி 1849ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதற்குப் பின்னும் நெடுங்காலம், எழுதப் படிக்கக் கற்ற பெண் கைம்மை எய்துவாள் என்னும் அச்சம் ஊர்ப்புறங்களில் நிலவியது. வங்க மொழியின் முதல் தன்வரலாற்றை எழுதிய ராசசுந்தரி தேபி, அடுக்களையில் யாருமறியாமல் ஓலை ஒன்றைப் பார்த்து எழுத்தறிந்த செய்தியை அந்நூலிலேயே கூறியுள்ளார். எழுதுகோலைப் பிடித்தல் குற்றமாகக் கருதப்பட்ட இல்லத்தில், ஊசியைப் பிடித்தல் குணமாகக் கருதப்பட்டது. எனவே பெண் எழுதுவதற்குத் தடையில்லாத இடமாகத் துணி அமைந்தது. காந்தா எழுத்துகளில் இலக்கண வழக்கினும் பேச்சொலியைத் தழுவிய எழுத்துக்கூட்டல்கள் காணப்படுவதற்கு, முறையான பள்ளிப் பயிற்சியின்மையே காரணமாகும். மொழியியலார்க்கு அவை பிழைகள் அல்ல. அக்காலப் பேச்சுமொழியின் பதிவுகள்.

சங்கமும் தையலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காந்தா வழக்கு குறையத் தொடங்கியது. ஆலைத் துணியும் மலிவான போர்வையும் பரவின. பெண்பள்ளிகளிலும் நகர இல்லங்களிலும் ஐரோப்பியக் கம்பளி நூல் வேலை மதிப்புப் பெற்றது. வங்க மகளிர் அதனைக் ‘கார்பெட்’ என்றே அழைத்தனர். சதுரக் கட்டங்களில் தைத்துச் சட்டமிட்டு மாட்டும் அவ்வேலை படித்த குடும்பத்தின் அடையாளமாக, காந்தா பாட்டிமாரின் கைவேலையாகப் பின்தங்கியது.

இக்காலத்தேதான் தையல் வீட்டு முற்றத்தைக் கடந்து சங்கத்துக்குள் நுழைந்தது. சரோஜ்நளினி தத் (1887–1925), 1913ஆம் ஆண்டில் பாப்னா நகரில் மகளிர் சமிதி ஒன்றைத் தோற்றுவித்தார். திரைக்குள் வாழ்ந்த பெண்கள் ஓரிடத்தில் கூடி, உடல்நலம், குழந்தை வளர்ப்பு, எழுத்து, தையல் ஆகியவற்றைக் கற்பது அதன் நோக்கம். தம் கணவர் குருசதய் தத் இந்திய ஆட்சிப் பணியில் மாவட்டம் மாவட்டமாக மாற்றப்பட்டபோது, சென்ற இடங்களிலும் அவர் சமிதிகளை அமைத்தார். 1925ஆம் ஆண்டு சனவரியில் அவர் மறைந்த சின்னாட்களில், சமிதிகளை ஒன்றிணைக்கும் நடுவண் அமைப்பாகச் சரோஜ்நளினி தத் நினைவுச் சங்கம் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. ‘பங்கலக்ஷ்மி’ என்னும் மகளிர் இதழையும் அது நடத்தியது. குருசதய் தத் எழுதிய சரோஜ்நளினியின் வரலாறு, இரவீந்திரநாத் தாகூரின் முன்னுரையோடு 1929ஆம் ஆண்டில் இலண்டன் ஹோகார்த் அச்சகத்தால் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. சென்னை அடையாற்றில் 1917ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய மாதர் சங்கம் இவ்வியக்கத்தோடு ஒப்பிடத்தக்கது.

சமிதியில் தையல் இருபொருள் உடையதாயிற்று. கைம்பெண்களும் ஆதரவற்றோரும் பொருள் ஈட்டுவதற்கு வழி என்பது வெளிப்படையான பொருள். பெண் வீட்டை விட்டு வெளியே சென்று பிற பெண்களோடு கூடுவதற்குக் குடும்பத்தார் ஒப்பும் காரணம் என்பது மறைமுகமான பொருள். கூட்டத்திற்குச் செல்கிறேன் என்பதனினும் தையலுக்குச் செல்கிறேன் என்பது எளிதில் ஏற்கப்பட்டது. இவ்வகையில் ஊசி, எழுத்துக்கு முன்னரே பெண்ணுக்கு வாயில் திறந்தது எனலாம்.

சேகரிப்பாளரும் அருங்காட்சியகமும்

மனைவியின் மறைவுக்குப் பின் குருசதய் தத் (1882–1941) வங்க நாட்டுப்புறக் கலைப்பொருள்களைத் திரட்டுவதில் ஈடுபட்டார். 1932ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய பிரதசாரி இயக்கம் நாட்டுப்புற ஆடல், பாடல், கைவினை ஆகியவற்றைக் கல்வியோடு இணைத்தது. ஊர்தோறும் சென்று அவர் திரட்டிய காந்தாக்கள், படச்சுருள்கள், பொம்மைகள், சுடுமண் சிற்பங்கள் ஆகியவையே கொல்கத்தாவின் தென்புறத்தில் ஜோகா என்னுமிடத்தில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தின் அடிப்படை. அவ்வருங்காட்சியகம் 1963ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1937ஆம் ஆண்டில் தோன்றிய அசுதோஷ் அருங்காட்சியகமும் காந்தாக்களைத் திரட்டியது.

இதே பல்கலைக்கழகத்தில் இந்தியக் கலை வரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் (1896–1993), 1939ஆம் ஆண்டில் இந்தியக் கீழைக்கலைக் கழகத்தின் இதழில் காந்தா பற்றி எழுதிய கட்டுரை, இக்கலையைக் கலை வரலாற்று ஆய்வுக்குள் கொண்டுவந்தது. கிழிந்தவற்றை ஒன்றாக்கி முழுமை தருதல் என்னும் கருத்தை அவர் காந்தாவின் உட்பொருளாகக் கண்டார். 1950ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்றார். அவர் திரட்டிய காந்தாக்கள் பிற்காலத்தில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

இலக்கியத்திலும் காந்தா இக்காலத்தே இடம்பெற்றது. ஜசீமுத்தீன் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடலில், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்க்கையைக் காந்தாவில் தைத்து முடிக்கிறாள். நக்ஷி காந்தா என்னும் பெயர் படித்தவரிடையே பெருவழக்காவதற்கு இந்நூலே காரணம் என்பர்.

சேகரிப்பு காந்தாவை அழிவினின்றும் காத்தது. அதே வேளையில் அதன் மொழிச்சூழலை மாற்றியது. தந்தைக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் உரியதாயிருந்த பொருள், ‘ஜெசூர், பத்தொன்பதாம் நூற்றாண்டு’ என்னும் குறிப்பைப் பெற்றது. பெயர் தைக்கப்பட்டிருந்தால் மட்டுமே தைத்தவள் அறியப்பட்டாள். ஏனையோர் மாவட்டத்தின் பெயருக்குள் மறைந்தனர்.

பிரிவினைக்குப் பின்

1943ஆம் ஆண்டுப் பஞ்சமும் 1947ஆம் ஆண்டுப் பிரிவினையும் தையலின் நிலையை முற்றிலும் மாற்றின. பஞ்சத்தால் ஆதரவிழந்த பெண்களுக்காக 1944ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நாரீ சேவா சங்கம் தோன்றியது. பின்னர்க் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ஏதிலிப் பெண்களுக்கும் இத்தகைய அமைப்புகள் தையற் பயிற்சி அளித்தன. காந்தா மரபு செழித்திருந்த ஜெசூர், குல்னா, ஃபரீத்பூர், ராஜ்சாஹி முதலிய பகுதிகள் எல்லைக்கு அப்பால் சென்றன. அங்கிருந்து புலம்பெயர்ந்து வந்தவரின் கையில் நிலம் இல்லை; கைத்திறன் இருந்தது. ஓய்வு நேரத்து அன்புச் செயலாயிருந்த தையல், அடுப்பெரிக்கும் வருவாயாக மாறியது இக்காலத்தேயாகும்.

காந்தாவின் மறுமலர்ச்சி 1980களில் வலுப்பெற்றது. கமலாதேவி சட்டோபாத்யாய 1964ஆம் ஆண்டில் தோற்றுவித்த இந்தியக் கைவினைக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அதனோடு இணைந்த மேற்கு வங்கக் கைவினைக் கழகத்தின் ரூபி பால்சௌதுரி, அருங்காட்சியகப் பழங்காந்தாக்களை முன்மாதிரியாகக் கொண்டு புதியன செய்விப்பதில் முனைந்தார். அவருடைய தூண்டுதலால் 1990ஆம் ஆண்டில் கொல்கத்தாவை அடுத்த சோனார்பூரில் பிரீதிகணா கோஸ்வாமி காந்தாப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். தந்தையை இளமையில் இழந்து, பிறர் தந்த தையல் வேலையால் குடும்பம் காத்தவர் அவர். தாம் கற்றதை நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கற்பித்தார். 2023ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பர்தமான் பகுதியைச் சேர்ந்த தக்தீரா பேகம் 2024ஆம் ஆண்டில் அவ்விருதைப் பெற்றார். ஷம்லு துதேஜா 1980களில் கொல்கத்தாவில் தொடங்கிய முயற்சி, பீர்பூம் முதலிய மாவட்டப் பெண்களின் தையலை நகரச் சந்தையோடு இணைத்தது. நக்ஷி காந்தாவுக்கு மேற்கு வங்கத்தின் பெயரில் 2008ஆம் ஆண்டில், சென்னையில் உள்ள பதிவகத்தின் வழியாகப் புவிசார் குறியீடு கிடைத்தது. நீலகிரித் தோடர் மகளிரின் பூத்தையலும் 2013ஆம் ஆண்டில் இக்குறியீடு பெற்றது.

பெயரின் இடம்

சந்தைக்குரிய காந்தா, இல்லத்துக் காந்தாவினின்றும் மூன்று வகையில் வேறுபடுகிறது. முதலாவது, பழந்துணி அடுக்கு நீங்கிப் புதிய பட்டோ பருத்தியோ ஒற்றைத் துணியாக இடம்பெற்றது. பெயர் காந்தா என்றிருப்பினும் கந்தை அதில் இல்லை. ‘காந்தா’ என்னும் சொல், பொருளைக் குறிப்பதினின்றும் தையல் முறையைக் குறிப்பதற்கு மாறியது. இதனைப் பொருள் திரிபுக்குத் தக்க எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இரண்டாவது, வரைவும் தையலும் பிரிந்தன. நகரத்தில் உருவம் தாளில் வரையப்படுகிறது. கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் கலந்த நீலத்தைத் தேய்த்து, உருவம் துணியில் பதிக்கப்படுகிறது. பின்னர்த் துணியும் நூலும் ஊர்ப்புறப் பெண்களுக்குச் செல்கின்றன. செறிந்த வேலையுடைய சேலை ஒன்று முடியப் பல மாதங்கள் ஆகும். ஒரே சேலையில் பலர் தைப்பதும் உண்டு. கூலி தைத்த வேலையின் அளவுக்கு ஏற்ப அமைகிறது. இடைநிலையாளர் மிகுந்தால் தைப்பவளின் பங்கு குறைகிறது.

மூன்றாவது, எழுத்து நீங்கியது. விற்பனைச் சேலையில் தைத்தவளின் பெயருக்கும் உறவுக் குறிப்புக்கும் இடமில்லை. அங்கே காணப்படும் பெயர் வடிவமைப்பாளருடையது அல்லது நிறுவனத்தினுடையது. அதுவும் நூலால் எழுதப்பட்டதன்று, அச்சிட்ட சீட்டு. இம்மாற்றத்தில் ஒரு முரண் உள்ளது. மானதாசுந்தரி வாழ்ந்த காலத்தில் எழுதத் தெரிந்த பெண்கள் மிகச் சிலர். அவர்களுள் சிலர் தம் பெயரைத் துணியில் எழுதினர். இன்று தைக்கும் பெண்களுள் கையெழுத்திடத் தெரிந்தவர் பலர். அவர்தம் கையெழுத்து கூலிப் பதிவேட்டில் உள்ளது, துணியில் இல்லை.

இதனைக் குழுக்களின் குறையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பெயர் தைக்கப்பட்ட காந்தாவைச் செய்த பெண்ணுக்கு அதனால் ஒரு காசும் வருவாய் இல்லை. நிலவுடைமைக் குடும்பத்து ஓய்வே அப்பெயரைத் தைக்கும் பொழுதை அளித்தது. இன்று சோனார்பூரிலும் பீர்பூமிலும் தைக்கும் பெண், தன் உழைப்பால் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். பெயரையும் கூலியையும் எதிரெதிராக நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது, பசியறியாதார் கூற்றாகும். இரண்டும் ஒருங்கே கிடைத்தல் இயலாதா என்பதே வினா.

பழங்காந்தாக்களைக் காப்பதும் இவ்வினாவோடு தொடர்புடையது. 1984ஆம் ஆண்டு முதல் நடுவண் அரசின் ஜவுளி அமைச்சக நிதியால் இயங்கிவந்த குருசதய் அருங்காட்சியகத்திற்கு 2017ஆம் ஆண்டில் அந்நிதி நிறுத்தப்பட்டது. அருங்காட்சியகம் இடர்ப்பாட்டுக்கு உள்ளாயிற்று. ஈரப்பதமும் பூச்சியும் மிகுந்த கொல்கத்தாத் தட்பவெப்பத்தில், நூறாண்டு கடந்த பருத்தித் துணி காவலின்றி நெடுநாள் நில்லாது. கல்வெட்டைப் படியெடுப்பதுபோல் காந்தா எழுத்துகளையும் படியெடுத்துத் தொகுத்தல் உடனடித் தேவையாகும். துணி அழியின், மகளிர் தம் கையால் எழுதிய மொழிச் சான்று ஒன்றும் உடன் அழியும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படும். காந்தாவின் கலைச்சொற்கள் வடமொழி, பாரசீகம், அரபு, வங்கப் பேச்சுவழக்கு ஆகிய அடுக்குகளைக் கொண்டு, வங்க இல்லத்தின் பண்பாட்டு வரலாற்றைப் புலப்படுத்துகின்றன. தமிழ்க் கந்தையும் வங்கக் காந்தாவும் உறவுடைய சொற்கள். காந்தாவில் தைக்கப்பட்ட எழுத்துகள், பெண்கல்வி மறுக்கப்பட்ட காலத்தில் பெண்கள் விட்டுச்சென்ற எழுத்துச் சான்றுகள். 1913ஆம் ஆண்டுச் சமிதி முதல் இன்றைய குழுக்கள் வரை, கூடித் தைத்தல் பெண்களுக்குக் கல்விக்கும் வருவாய்க்கும் வாயிலாக அமைந்தது. அவ்வழியில் தைத்தவளின் பெயர் துணியினின்றும் நீங்கியது.

தைத்து முடித்த சேலையின் மடிப்பில், மற்றவர் கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தில், தைத்தவர்களின் பெயர்களை அவர்களே தம் எழுத்தால் தைப்பதற்குச் சில அங்குல நூலே போதும். அதனால் விலை குறையாது. அக்குழுவில் இருந்தவர் யாவர் என்பதைப் பின்வரும் நூற்றாண்டின் ஆய்வாளர் மாவட்டப் பெயரைக் கொண்டு ஊகிக்க வேண்டிய நிலையும் ஏற்படாது.